அந்தப் பத்து நொடியில் எது தற்காப்பு?

வாசகர் கேள்வி: தினமும் வேலைக்கு சைக்கிளில் போகிறேன். ஒன்பது நாளுக்கு முன் காலையில் ஒரு கார் ஹேண்டில்பாரை உரசுகிற மாதிரி ஒட்டி வந்தது. பயத்தில் காரின் பக்கவாட்டில் கையால் தட்டினேன், திட்டவும் செய்தேன். கார் முன்னால் போய்க் குறுக்கே நின்றது. ஓட்டியவர் இறங்கி வந்து சட்டையைப் பிடித்து முகத்தில் இரண்டு குத்து விட்டார். உதடு கிழிந்தது. காரில் இருந்த இன்னொருவரிடம் "டிக்கியத் தொற, கம்பிய எடு" என்று கத்தினார். ஃப்ரேமில் மாட்டியிருந்த இரும்புப் பூட்டை உருவி வீசினேன். அவர் மணிக்கட்டில் பட்டது. கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதே பூட்டால் காரின் பின்விளக்கை உடைத்துவிட்டுக் கிளம்பினேன். அன்று சாயங்காலமே அவர் புகார் கொடுத்துவிட்டார், மணிக்கட்டு எலும்பில் விரிசலாம். நான் மறுநாள்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். "ரெண்டு பேர் மேலயும் கேஸ் போடுவோம், பேசி முடிச்சுக்குங்க" என்கிறார்கள். என்னை அடித்தவரைத் திருப்பி அடித்தது குற்றமா? சமாதானமாகப் போகலாமா? இனிமேல் பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

காரில் தட்டியதையும், திட்டியதையும், பின்விளக்கை உடைத்ததையும் நீங்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படிப்பட்ட விஷயத்தை மூன்றாவது சந்திப்பில்தான் வாய்விட்டுச் சொல்வார்கள். சிலர் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்கும்வரை சொல்லவே மாட்டார்கள். அதற்குள் வழக்கு கைநழுவிப் போயிருக்கும். நீங்கள் முழுக்கச் சொன்னதால்தான் எனக்கும் முழுப் பதிலாக எழுத முடிகிறது.

"திருப்பி அடித்தது குற்றமா" என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். நீதிமன்றம் அதை ஒரே கேள்வியாகப் பார்க்காது. நீங்கள் பூட்டை இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறீர்கள். நடுவில் நாலைந்து நொடிதான் இருந்திருக்கும். ஆனால் முதல் வீச்சு ஒரு செயல், இரண்டாவது வேறொரு செயல். முதலாவதற்குச் சட்டம் உங்கள் பக்கம் நிற்க நிறைய இடம் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமை இப்போது 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. எண்கள்தான் மாறின, சாரம் மாறவில்லை. அதனால் பழைய சட்டத்தின் கீழ் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இன்றும் வழிகாட்டுகின்றன. தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமே ஆகாது என்கிறது 34ஆம் பிரிவு. குற்றம்தான், மன்னித்துவிடலாம் என்று அது சொல்லவில்லை, குற்றமே இல்லை என்கிறது. அந்த வேறுபாடு பெரியது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்குள்ள தண்டனைச் சட்டங்களும் அந்தப் பழைய 1860ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் வார்ப்பில் வந்தவைதான். அடிப்படை ஒன்று, ஆனால் பிரிவு எண்ணும் தண்டனையும் வேறு. கீழே நான் எழுதுவது இந்தியச் சட்டம்.

இந்த உரிமை எப்போது பிறக்கிறது? அடி விழுந்த பிறகு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 40ஆம் பிரிவைப் பாருங்கள்: தாக்கும் முயற்சியாலோ மிரட்டலாலோ உடலுக்கு ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்தவுடனே உரிமை தொடங்கிவிடுகிறது, குற்றம் இன்னும் நடந்து முடியாவிட்டாலும்கூட. அச்சம் இருக்கும்வரை உரிமையும் இருக்கிறது. டிக்கியிலிருந்து கம்பி வெளியே வந்ததா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வந்தே இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஒருவர் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு குத்து விட்டுவிட்டு, இன்னொரு ஆளிடம் கம்பி கேட்கிறார். அது தலையில் இறங்கும்வரை காத்திருங்கள் என்று எந்தச் சட்டமும் உங்களிடம் சொல்லாது.

அடுத்தது, எவ்வளவு? தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது 37ஆம் பிரிவு. இங்கேதான் எதிர்த்தரப்பு உங்களைப் பிடிக்கப் பார்க்கும். "கையால் குத்தியவரை இரும்பால் அடித்தார்" என்று எழுதுவார்கள். அதற்கான பதில் 1952லேயே உச்ச நீதிமன்றத்திடமிருந்து வந்துவிட்டது. அம்ஜத் கான் வழக்கில், உயிர்ப் பயத்தில் இருப்பவர் செய்ததைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்க முடியாது என்றார்கள். 2010இல் தர்ஷன் சிங் வழக்கிலும், சட்டத்தை மதிக்கிற குடிமகன் ஆபத்து எதிரே நிற்கும்போது கோழையாக நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை என்றார்கள். நீங்கள் ஒரே ஒரு முறை வீசினீர்கள். கையில் பட்டது, தலையில் இல்லை. அவர் குனிந்ததும் அவரை மறுபடி அடிக்கவில்லை. எதிரே இரண்டு பேர், நீங்கள் ஒருவர், அதுவும் சைக்கிளுக்கும் காருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு. இந்த விவரங்களை உங்கள் வக்கீல் ஒன்றுவிடாமல் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

வெறுங்கைதானே என்பவர்களுக்கு ஒரு வழக்கு நினைவிருக்கும். 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் சாலையில் வண்டியை எடுப்பது பற்றிய தகராறு. கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து 65 வயதுக்காரர் ஒருவரைக் கையால் அடித்தார், அந்தப் பெரியவர் இறந்துபோனார். 2018இல் உச்ச நீதிமன்றம் 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது. குடும்பத்தார் விடாமல் சீராய்வு கேட்டார்கள். 2022 மே மாதம் அதே நீதிமன்றம் ஓராண்டு கடுங்காவல் விதித்தது. உடல் வலு உள்ள ஒருவரின் கையே ஆயுதமாகலாம் என்பதைத் தீர்ப்பில் எழுதியது. இந்த வழக்கை உங்களிடம் இரண்டு காரணத்துக்காகச் சொல்கிறேன். வெறுங்கைக் குத்தும் உயிருக்கு ஆபத்தாகலாம், ஆகவே உங்கள் அச்சம் நியாயமானது. அதேபோல, உங்கள் கையும் அப்படிப்பட்ட கைதான். எதிரே நிற்பவருக்கு வயதென்ன, உடம்பில் என்ன நோய் என்று சாலையில் யாருக்கும் தெரியாது.

இப்போது பின்விளக்கு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்த நொடியில் உங்கள் அச்சம் அடங்கியிருந்தால் உரிமையும் அங்கேயே முடிந்தது. அதற்கப்புறம் இருந்தது ஆத்திரம், அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1960களின் தொடக்கத்தில் ஜெய் தேவ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஆபத்து விலகிய பிறகு, தாக்க வந்தவர்கள் ஓடத் தொடங்கிய பிறகு, செய்ததெல்லாம் தற்காப்பில் சேராது. விளக்கை உடைத்தது 324ஆம் பிரிவின்கீழ் சொத்துச் சேதம். சேதம் 20,000 ரூபாய்க்குக் கீழே என்றால் ஆறு மாதம்வரை, 20,000 முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு வருடம்வரை தண்டனை விதிக்க முடியும். சில கார்களுக்கு ஒரு விளக்கே அந்த எல்லையைத் தாண்டிவிடும். சேதத்துக்கு ஈடு கொடுக்கத் தயாராக இருங்கள். மறுத்து வாதாட வேண்டிய பகுதி இதல்ல.

அதைவிட எனக்குக் கவலை தருவது, அந்த உடைந்த விளக்கு உங்கள் முதல் வீச்சின் மேலும் நிழலாக விழும் என்பது. "பயந்தவர் ஓடியிருப்பார், இவர் நின்று கார் விளக்கை உடைத்திருக்கிறார், ஆகவே முதலிலிருந்தே இவருக்குப் பயம் இல்லை, கோபம்தான்" என்று வாதம் வரும். அதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே பதில் நேர வரிசை. எது முதலில் நடந்தது, அடுத்து எது, இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று புகாரில் நொடி நொடியாக எழுதுங்கள். "தகராறு முற்றிக் கைகலப்பானது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஸ்டேஷனில் அப்படித்தான் சுருக்கி எழுதித் தருவார்கள். இரு தரப்பும் மனமொப்பி இறங்கிய சண்டை என்று நீதிமன்றம் முடிவு செய்தால் தற்காப்பு உரிமை இருவருக்குமே கிடைக்காமல் போகும். "கைகலப்பு" என்ற ஒரு சொல் அந்த முடிவுக்கு நேராக அழைத்துப் போகும்.

காரில் தட்டியது பற்றியும் கேட்காமலே கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஒட்டி வரும் வண்டியைத் தட்டி "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்வது சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் கை தானாகப் போகிற காரியம். தகடு நெளியாத வரை அதில் குற்றம் இல்லை. யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள் என்கிற அளவுக்கு அற்பமான தீங்கைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம் என்று 33ஆம் பிரிவே சொல்கிறது. திட்டியது வேறு. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் வாயால் திட்டியதற்கு முகத்தில் குத்தும் உரிமை யாருக்கும் கிடையாது. உங்கள் வாய் வார்த்தையைக் காட்டி அவர் தன் குத்தைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது.

இனி வழக்குக்கு வருவோம். உங்களை உண்மையில் அழுத்தப்போவது அந்த மணிக்கட்டு விரிசல். எலும்பு முறிவு, பல் உடைதல், இடம்பெயர்தல் எல்லாம் 116ஆம் பிரிவின்படி கொடுங்காயம். முழுவதும் முறிந்திருக்கத் தேவையில்லை, விரிசலே முறிவுதான் என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அதை ஆபத்தான ஆயுதத்தால் விளைவித்ததாக வைத்தால் 118(2): குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள். பயமுறுத்த எழுதவில்லை. "சின்ன அடிதடி கேஸ்தானே" என்று உங்களிடம் சொல்பவர்களை நம்பி வக்கீல் இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போய்விடாதீர்கள் என்பதற்காகத்தான். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவசமாகவே வக்கீல் கிடைப்பார்.

அவர் மீது நீங்கள் கொடுக்கும் புகாரில் என்னென்ன இருக்க வேண்டும்? தமிழ்நாட்டில் சாலைத் தகராறு என்றாலே 296, 115(2), 351 என்று மூன்று பிரிவு பழக்கத்தில் விழும். ஆபாசமாகத் திட்டியது, காயம் விளைவித்தது, மிரட்டியது. உங்கள் விஷயத்தில் இன்னும் சில இருக்கின்றன. குறுக்கே நிறுத்தி வழிமறித்தது 126(2). ஒட்டி ஓட்டியது 281, அதோடு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184. காரில் இருந்த இன்னொருவர் கம்பி எடுக்கப் போயிருந்தால் அவரும் கூட்டாளிதான், 3(5) அதற்கு. பிரிவு எண்களை நீங்கள் எழுத வேண்டியதில்லை. நடந்ததை எழுதினால் போதும். ஆனால் "ஒட்டி ஓட்டினார்", "குறுக்கே நிறுத்தினார்", "கம்பி எடு என்றார்" என்ற மூன்று செய்தியும் விட்டுப்போகக் கூடாது. கார் வேண்டுமென்றே உங்கள் மேல் ஏறியிருந்தால் கதையே வேறு. அப்போது காரே ஆயுதம், கொலை முயற்சிவரை போகலாம்.

நீங்கள் கொடுத்த மனுவுக்கு என்ன வாங்கினீர்கள்? மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதா, எஃப்.ஐ.ஆரா? ரசீது மட்டும்தான் என்றால் இன்னும் வழக்கே பதிவாகவில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும், அது உங்கள் உரிமை. போட மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)படி காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் புகாரை வாங்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஒரு நாள் தாமதம் உங்களைக் கவிழ்த்துவிடாது. ஏன் தாமதமானது என்று புகாரிலேயே இரண்டு வரி எழுதுங்கள். உதட்டில் தையல், பயம், வீட்டாரோடு பேசியது, எது உண்மையோ அது. காரணம் எழுதாத தாமதம்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

மறுநாள் போனபோது ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? கடிதத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. அரசு மருத்துவமனையில் காட்டியிருந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். அந்த ஏ.ஆர். நகலும் காயச் சான்றிதழும் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. லட்சுமி சிங் எதிர் பீகார் மாநிலம் என்ற 1976 தீர்ப்பில், குற்றம் சாட்டப்பட்டவர் உடம்பில் இருக்கும் காயம் எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு விளக்கவில்லை என்றால் அவர்கள் சொல்லும் கதையையே சந்தேகிக்கலாம் என்றார்கள். உங்கள் கிழிந்த உதடு எதிர்த்தரப்புக்கு விடை சொல்ல முடியாத கேள்வியாக நிற்கும், காகிதத்தில் ஏறியிருந்தால் மட்டும். ஏறவில்லை என்றால் இன்றைக்கே போங்கள். ஒன்பது நாள் ஆன காயத்துக்கும் தழும்பின் நிறத்தை வைத்து வயது எழுதுவார்கள். டாக்டர் "எப்படி அடிபட்டது" என்று கேட்டால் முழுதும் சொல்லுங்கள். "கீழே விழுந்துட்டேன்" என்று வெட்கத்தில் சொன்ன ஒரு வார்த்தையால் கெட்டுப்போன வழக்குகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு குறுக்கு விசாரணை எனக்கு மறக்கவே இல்லை. என் கட்சிக்காரர் உங்களைப் போலவே சைக்கிள்காரர். கூண்டில் ஏறிய எதிர்த்தரப்பு ஆள், தான் இவரைத் தொடவே இல்லை என்றார். என் கட்சிக்காரரின் மனைவி சட்டையைத் துவைக்காமல் ஒரு பழைய தலையணை உறையில் போட்டு வைத்திருந்தார். அதை விரித்துக் காட்டினோம். மேல் பொத்தான் இரண்டும் நூலோடு பிய்ந்து போயிருந்தன, காலர் தையல் பின்கழுத்துவரை விட்டிருந்தது. தொடாத சட்டை எப்படிக் கிழிந்தது என்று நீதிபதியே கேட்டார். உங்கள் சட்டை எங்கே இருக்கிறது? துவைத்துவிட்டிருந்தாலும் தைக்காதீர்கள்.

சம்பவம் நடந்த இடத்தில் கடையோ, அபார்ட்மெண்டோ, சிக்னல் கேமராவோ இருந்தால் உடனே எழுத்துமூலம் இன்ஸ்பெக்டருக்கு மனு கொடுங்கள், பதிவைக் கைப்பற்றிப் பாதுகாக்கும்படி. பல கேமராக்களில் சில நாளிலேயே பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். உங்கள் ஹெல்மெட்டிலோ வேறு யாருடைய போனிலோ வீடியோ இருந்தால் மூலத்தைத் தொடாதீர்கள். மெமரி கார்டைக் கழற்றி உறையில் போட்டு வையுங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் தர வேண்டும், அதில் கோப்பின் ஹேஷ் எண்ணும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரியான எண்) கேட்பார்கள். குத்து விழுகிற இருபது நொடியை மட்டும் வெட்டி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டால், மீதியை ஏன் வெட்டினீர்கள் என்ற கேள்விக்குப் பிறகு பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பின்விளக்கு உடைகிற நொடி அதில் இருக்கிறதென்றால் அதுவும் இருக்கட்டும்.

விசாரணையில் "நான் அடிக்கவே இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். தற்காப்பு என்பது அடித்ததை ஒப்புக்கொண்டு, ஏன் அடித்தேன் என்று சொல்வது. அதைத் தனியாக எடுத்துச் சொல்லாவிட்டாலும் சாட்சியங்களிலிருந்து தெரிந்தால் நீதிமன்றம் தானே எடுத்துக்கொள்ளலாம் என்பது 1968இல் முன்ஷி ராம் வழக்கு. இருந்தாலும், இரண்டு படகில் கால் வைத்தவரை நீதிபதி நம்பத் தயங்குவார். தற்காப்பை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல்தான், ஆனால் அது இலகுவான சுமை. அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். நீங்கள் "இப்படித்தான் நடந்திருக்கும்" என்று நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும். எதிர்த்தரப்புச் சாட்சியின் வாயிலிருந்தே அதை எடுக்கலாம்.

ரெண்டு பேர் மேலும் கேஸ் என்று அவர்கள் சொன்னதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் வழக்கும் எதிர்வழக்கும் வந்தால் விசாரணை அதிகாரி இரண்டையும் சேர்த்து விசாரித்து, யார் முதலில் தாக்கியவர் என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். இரண்டுக்கும் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகழுவுவது கடமை ஆகாது. இரண்டும் நீதிமன்றத்துக்குப் போனால் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும் என்று 1990இல் நத்தி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வக்கீல் இதை மனுவாகக் கேட்கட்டும்.

அப்படியானால் சமாதானம்? நான் சமாதானத்துக்கு எதிரி இல்லை. மருத்துவச் செலவும் விளக்குச் செலவும் பேசி, இருவரும் கையெழுத்திட்டு, வேலைக்குப் போவது பல குடும்பங்களுக்கு நல்லதாக முடிந்திருக்கிறது. ஆனால் எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு எழுதும் வெள்ளைத் தாள் சமாதானத்தால் வழக்கு தானாக முடியாது. சாதாரணக் காயத்தைப் பாதிக்கப்பட்டவரே ராஜி செய்யலாம். பெரிய பிரிவுகளுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், சிலவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்டுத்தான் முடிக்க வேண்டும். அதனால் வக்கீல் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமாக, "கோபத்தில் நான்தான் தாக்கினேன், வருந்துகிறேன்" என்ற மாதிரி வாசகம் அதில் இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். பின்விளக்குக்கு வருத்தம் தெரிவிக்கலாம், மனமாரத் தெரிவியுங்கள். மணிக்கட்டுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை.

பெப்பர் ஸ்பிரே பற்றிக் கேட்டீர்கள். வைத்திருப்பதில் சிக்கல் இல்லை, அடிப்பதில்தான் சிக்கல். 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத இடத்தில் அதை அடித்தவர்கள் தற்காப்பு என்று சொல்ல முடியாது என்று வழக்கை ரத்து செய்ய மறுத்தது, அதை ஆபத்தான ஆயுதமாகவும் கருதியது. வாய்த்தகராறு வந்தவுடனே கை அதற்குப் போகும் என்பதுதான் என் பயம். சைக்கிளில் பூட்டு இருப்பதற்கும் பம்ப் இருப்பதற்கும் காரணம் கேட்க மாட்டார்கள். ஹேண்டில்பாரில் தடி கட்டிக்கொண்டு போனால் சண்டைக்குத் தயாராகப் போனார் என்று கேட்பார்கள்.

குழுவாக ஓட்டுபவர்களுக்கு இன்னொரு விஷயம், நீங்களும் நண்பர்களிடம் சொல்லுங்கள். அடிபடுகிறவர் நண்பராக இருந்தாலும் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் அவரைக் காப்பாற்ற 35ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரு காரைச் சுற்றி வளைத்து ஆளை இழுத்துப் போட்டு அடித்தால் அது 189, 191: சட்டவிரோதக் கூட்டம், கலவரம். ஐந்து என்பதுதான் அந்தக் கோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றாகக் கிளம்புகிற குழுக்களில் ஐந்துக்குக் குறைவாக எத்தனை இருக்கின்றன? அடித்துவிட்டு வேகமெடுத்த காரை விரட்டிப் போய் அடுத்த சிக்னலில் பிடித்து நியாயம் கேட்பதும் இதே வகைதான். அங்கே போய்ச் சேர்வதற்குள் போலீசை அழைக்க நேரம் வந்துவிட்டது, நேரம் இருந்தால் உரிமை இல்லை என்பது 37.

இன்னொரு முறை இப்படி ஒரு கார் குறுக்கே நின்றால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். சைக்கிளை அவருக்கும் உங்களுக்கும் நடுவில் குறுக்காகப் பிடியுங்கள், இரண்டடி இடைவெளி கிடைக்கும். வண்டி எண்ணைச் சத்தமாக, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சுற்றி இருப்பவர் காதில் விழும், போனில் பதிவாகும், ஓட்டியவருக்கும் உறைக்கும். 112ஐ அழையுங்கள். பேச முடியாவிட்டாலும் அழைத்த நேரம் பதிவாகிவிடும், பிற்பாடு அந்த நேரமே உங்களுக்குச் சாட்சி. காரால் திரும்ப முடியாத வழி எதுவோ அதில் போங்கள். எதிர்த்திசை, நடைபாதை, சந்து, எதுவானாலும். ஓட முடிந்தும் நின்றால் உரிமை போய்விடும் என்று சட்டத்தில் இல்லை, ஆனால் ஓட முடிகிற இடத்தில் உங்கள் பல்லும் விரலும் மிச்சமாகும். உங்களைப் போன்ற ஒருவர் காலையில் வேலைக்குக் கிளம்பினால் மாலையில் முழுசாக வீட்டுக்கு வர வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

கடைசியாக அந்தப் பூட்டு. கழுவாதீர்கள், ஒளிக்காதீர்கள், இனிமேல் சைக்கிளிலும் மாட்டாதீர்கள். ஒரு பையில் போட்டு வைத்து, விசாரணை அதிகாரி கேட்டால் வக்கீலிடம் சொல்லிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள், கைப்பற்றியதற்கு எழுத்தில் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அது எவ்வளவு நீளம், எவ்வளவு எடை, ஃப்ரேமில் எந்த இடத்தில் மாட்டியிருந்தது என்று இப்போதே படம் எடுத்து வையுங்கள். சைக்கிளைப் பூட்டத்தான் அது அங்கே இருந்தது என்பதை அந்தப் படம் காட்டும்.